ஒருநாள் விட்டு ஒருநாள்

பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைவிட்டு, கப்பலேறி நம் பக்கம் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, 1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அந்த முதுமரத்தின் முன் நிற்கும்போதெல்லாம் என் நினைவில் எழுவது, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தெட்டு வருஷம் பால் மரம் வெட்டிய என் தாயார், நான் சிறு பையனாக அவர் பின்னே மங்கு துடைத்துக்கொண்டு போன ஒரு விடியற்காலையில் சொன்ன வார்த்தைதான். "மரத்தைத் தெனமும் வெட்டக்கூடாதுடா. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும். இல்லேன்னா பட்டை காஞ்சி பால் வத்திப் போயிரும்."

அம்மா சொன்னது சாஸ்திர பூர்வமான உண்மை. பட்டையைச் சீவியதும் வடியும் பாலை மரம் மறுபடியும் தன்னுள்ளே சுரக்கச் செய்துகொள்வதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் கொடாமல் இடைவிடாது வெட்டினால், வெளிப்பார்வைக்கு இலையும் கிளையுமாகச் செழித்து நிற்கும் மரமே, உளி பட்டும் ஒரு சொட்டுப் பால் வராத மரமாகிவிடுகிறது. ஆகையால் தோட்டத்து மரங்களை இரண்டு பங்காகப் பிரித்து, இன்றைக்கு ஒரு பங்கும் நாளைக்கு மற்றொரு பங்குமாக வெட்டுவது வழக்கமாயிற்று. இதிலுள்ள ஒரு விஷயம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு பங்கு மரங்களுக்கும் மாறி மாறி விசிராந்தி கிடைத்தது. இரண்டு பங்கையும் வெட்டிய கைகள் அம்மாவின் கைகளே. விடியுமுன் பெரட்டுக்குப் போய், காண்டா வாளி சுமந்து பால் ஸ்டோருக்கு வந்து, பகலில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டிய அந்தச் சரீரத்துக்கு எந்தத் துரையும் எந்தக் கிராணியாரும், பிள்ளைகளாகிய நாங்களும்கூட, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கணக்கு வகுக்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அம்மா அவரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டார். அதற்குள் தோட்டம் கைமாறி, ரப்பர் அழிந்து செம்பனை வந்து, நாங்கள் ஈப்போவில் புந்தோங்குக்குக் குடிபெயர்ந்திருந்தோம். அப்பா போன சில காலத்துக்கெல்லாம் அம்மாவும் அதே வியாதியில் படுத்தார். அம்மாவைப் பார்க்கும் பொறுப்பு, கல்யாணம் ஆகாமல் வீட்டோடு இருந்த என் அக்காவின் மேல் வந்து விழுந்தது. 'விழுந்தது' என்று எழுதுகிறேன். உண்மையில் அதை அவள்மேல் வைத்தவர்கள் நாங்கள். கோலாலம்பூரில் உத்தியோகம் பார்த்த நான் மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். தம்பிமார் இருவரும் பண்டிகைக்குப் பண்டிகை வந்து போனார்கள். இந்த ஏற்பாட்டை நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை; பேசாமலேயே அது ஒன்பது வருஷம் நடந்தது.

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது இன்னதென்று அறியாதவர்கள், அதைப் பெரிய ஒரு பாரமாகக் கற்பனை செய்கிறார்கள். அது சிறிய சிறிய காரியங்களின் முடிவில்லாத தொடர்ச்சி. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூக்குக் குழாய் நழுவாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பரிசோதித்து, தலையை உயர்த்தி, ஆகாரத்தைத் துளித்துளியாக இறக்க வேண்டும். பெம்பர்ஸ் மாற்ற வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும், மடங்கிப்போகும் விரல்களை நீவிவிட வேண்டும். இவற்றுக்கிடையே துணி, சமையல், மருந்து. இரவும் பகலைப் போன்றதே. ஒன்பது வருஷ காலத்தில் என் அக்கா ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்கிய இரவுகள் மிகச் சொற்பம் என்பதை, அவள் சொல்லி அல்ல, பின்னால் அவளுடைய இடத்தில் நான் இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை அன்னையர் தினத்தையொட்டி ஒரு சங்கத்தார் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தார்கள். அந்த மேடையில் அவளைத் தியாகத்தின் திருவுருவம் என்றும் வாழும் தெய்வம் என்றும் வாழ்த்திப் பேசியவன் நான். சபையோர் கண் கலங்கினார்கள். அக்கா மட்டும் மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் அருகே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டம்மா பன்னிரண்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். விருந்து பரிமாறுவதற்கு முன்பே பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் புறப்பட்டுப் போனாள். நான் இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டேன். தெய்வம் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால், அவளுக்குப் பசி உண்டு, நித்திரை உண்டு, முதுகு வலி உண்டு என்று விசாரிக்கும் கடமையிலிருந்து நாம் நீங்கிவிடுகிறோம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவள் காலில் ஏதோ குத்தியது. அவளுக்கு இனிப்புநீர் இருந்தது; அந்த நோய் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போவதுண்டு என்பதால் வலி தெரியவில்லை. புண் பெரிதாகிக் காய்ச்சல் கண்ட பிறகே பார்த்தாள். அவளுடைய கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்தோம்: இரண்டு வருஷமாக ஒரு பதிவும் இல்லை. அம்மாவின் தேதிகளையெல்லாம் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தவள் தன் தேதிகளை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் அம்மாவைப் பார்க்க ஆட்கள் கிடைத்தார்கள். நான் லீவு போட்டேன், தம்பிமார் வந்தார்கள், தம்பி மனைவி இரவு தங்கினாள். அதுவரை யாருக்கும் இயலாததாக இருந்த ஒரு காரியம், அவள் விழுந்ததும் எல்லாருக்கும் இயன்றுவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமன்று. ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நோயுற்ற வாழ்க்கைத் துணைக்குச் சுசுருஷை செய்துகொண்டு அதனால் தேகத்திலோ மனத்திலோ நெருக்கடிக்கு ஆளாகியிருந்த முதியவர்கள், அத்தகைய பொறுப்பில்லாத முதியவர்களைவிட நான்கு வருஷத்துக்குள் இறந்துபோகும் அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். நெருக்கடி இல்லாமல் பராமரித்தவர்களிடம் அந்த அபாய மிகுதி தென்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொல்லுவது பணிவிடை அன்று, ஓய்வில்லாத பணிவிடை. ஸ்டீவன் ஸாரிட் என்னும் உளவியல் அறிஞர் 1980இல் வகுத்து, பின்னால் 22 கேள்விகளாகச் சுருக்கப்பட்ட வினாத்தாள் ஒன்று உண்டு. பராமரிப்பவரின் பாரத்தை அளக்க உலகெங்கும் வைத்தியர்கள் அதை உபயோகிக்கிறார்கள். உனக்கென்று நேரம் இல்லாமல் போயிற்றா, உன் ஆரோக்கியம் கெட்டதா என்ற மாதிரிக் கேள்விகள்தாம். அக்காவிடம் அவற்றை ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை; உடன்பிறந்த நானே கேட்காதபோது வேறு யாரைக் குறை சொல்வது?

இப்போதெல்லாம் 'உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற உபதேசம் எங்கும் கேட்கிறது. சற்று நடந்து வாருங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், பிடித்த பாட்டைக் கேளுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைகளே. ஆனால் நடந்து வருகிற அந்த அரைமணி நேரம் அம்மாவின் கட்டிலருகே யார் உட்காருவது என்ற கேள்விக்கு விடை சொல்லாத உபதேசம், ஏற்கெனவே களைத்திருப்பவள் தலையில் இன்னொரு கடமையை ஏற்றுகிறது. நம் மொழியில் சிரமபரிகாரம் என்று ஓர் அழகான பழைய சொல் உண்டு. வெயிலில் வழி நடந்து வந்தவனைத் திண்ணையில் உட்காரவைத்து, கால் கழுவத் தண்ணீரும் குடிக்க மோரும் கொடுத்து, 'சிரமபரிகாரம் செய்துகொள்ளுங்கள்' என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்த வார்த்தையைச் சொல்ல எதிரே ஒருவர் வேண்டும், திண்ணை ஒன்று வேண்டும். தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற வார்த்தையாக அது பிறக்கவில்லை.

இந்த ஞானம் தோட்டத்தில் இருந்தது. அதற்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். பெரட்டுக்குப் புறப்படும் தாய்மார் தூங்குகிற குழந்தையைத் துணியோடு சுருட்டி எடுத்துவந்து அங்கே ஒப்படைப்பார்கள். வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களை ஆட்டிக்கொண்டு, பால் கலக்கிக் கொடுத்து, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயா நடமாடுவார். தோட்ட நிர்வாகம் அதைக் கருணையினால் கட்டவில்லை. தாயின் கைகள் பால் வெட்டுக்கு வேண்டியிருந்தன என்பதே காரணம். காரணம் எதுவாயினும், ஒரு பிள்ளையை அதன் தாய் ஒருத்தியே நாள் முழுதும் பார்க்க முடியாது, அவளிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள ஓர் இடமும் சம்பளம் பெறும் ஓர் ஆளும் வேண்டும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைப் பற்றிப் பேசுகிறது. பழைய தோட்ட வாழ்க்கையைச் சுவர்க்கம் என்று பாடுகிறவனல்லேன் நான். கள்ளுக்கடையும் கடனும், டிரசர் கொடுத்த ஒரே கலர் மருந்தும் என் கண்முன் இருக்கின்றன. ஆனாலும் லயத்தில் ஒரு கிழவி திண்ணையில் படுத்திருந்தால், போகிறவர் வருகிறவர் பத்துப் பேர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறி, நம் ஜனங்கள் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் சுங்கை சிப்புட்டிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறியபோது, தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் வந்தன. திண்ணையும் கொட்டகையும் வரவில்லை. அன்று தொட்டிலில் கிடந்தவர்கள் இன்று முதியவர்களாகி நான்காம் மாடியில் கட்டிலில் கிடக்கிறார்கள். பேராக், நாட்டிலேயே முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று.

உதவிகள் இல்லாமலில்லை; அவற்றை அறியாமலிருப்போர் அநேகர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2014 முதல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் வழியாக வீடு தேடி வரும் பராமரிப்புச் சேவை ஒன்று நடக்கிறது. படுத்த படுக்கையாக ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைத் தாதியும் மற்றவர்களும் வந்து பார்ப்பதோடு, வீட்டில் உள்ளவருக்குப் புரட்டவும் குழாயில் ஊட்டவும் கற்றுத் தருகிறார்கள். பக்கவாதம் கண்டவர்களுக்காக 1996இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கமாகிய நாசாம், ஈப்போவிலும் ஒரு நிலையம் நடத்துகிறது. நோயாளி அங்கே பயிற்சி செய்யும் சில மணி நேரம், அழைத்து வந்தவருக்கு மூச்சுவிடும் நேரம். தீராத நோயாளிகளுக்காக ஈப்போவில் பேராக் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் உடற்குறையாளரையோ நாட்பட்ட நோயாளியையோ பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா வழங்கும் மாதாந்திர உதவி 2021இல் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. வீட்டு வேலை செய்கையில் விழுந்து அடிபடுகிற இல்லத்தரசிகளுக்காக, வருஷம் 120 வெள்ளிச் சந்தாவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவின் காப்புத் திட்டம் 2022 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. தூக்கித் தூக்கி முதுகு ஒடிகிற பெண்கள் அதைக் கேட்டறிவது நல்லது. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தை மாற்றித் தருமாறு முதலாளியிடம் எழுத்து மூலம் கோரும் உரிமை வேலைச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆண்மக்கள், முக்கியமாக என் போன்ற தமையன்மாரும் தம்பிமாரும், இந்த உரிமையைப் பெற்றோரின் பொருட்டு உபயோகிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இத்தனையும் சேர்ந்தும், பராமரிப்பவள் கதவைத் திறந்து வெளியே போவதற்கு வழி செய்வதில்லை. பணம் வருகிறது, பயிற்சி வருகிறது. அவள் இடத்தில் உட்கார ஒருவர் வருவதில்லை. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993இல் சில வைத்தியர்கள் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பின்னால் அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக விரிந்தபோது, அவர்கள் பொதுஜனங்களிடம் பெரிய தியாகத்தைக் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் வாருங்கள், பயிற்சி தருகிறோம் என்றார்கள். கடைக்காரரும் மாணவரும் ஆசிரியரும் வந்தார்கள். நமக்கு இது அந்நியமான காரியமன்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, மாதம் பத்துப் பத்து வெள்ளியாக அவர்களிடமே பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கிக் காட்டினார். பத்து வெள்ளி அன்றைய தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு கோயில் சபையோ ஒரு குடியிருப்புச் சங்கமோ அதே மாதிரி மணி நேரங்களைச் சேர்ப்பது முடியாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை. திருவிழாவுக்கு அன்னதான முறை போட்டு நடத்தத் தெரிந்த நமக்கு, ஆறு வீடுகளுக்குச் சனிக்கிழமை முறை போடத் தெரியாதா?

தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கம். தாயை அந்நியர் கையில் விடுவதா என்ற கேள்வி வெளியிலிருந்து வருவதற்கு முன்னால் உள்ளிருந்தே வருகிறது. மனநோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்களின் நிலை இன்னும் பரிதாபம். 1911இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியின் ஊர்ப்பெயரையே நம்மவர் வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதால், அண்டை வீட்டாரிடம் 'ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பதற்கே வாய் வராமல், கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்காக அவதிப்படுகிறவர்களை நான் அறிவேன். அவர்களிடம் உதவி கேளுங்கள் என்று சொல்வது போதாது. நாம் கேளாமல் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நாங்கள் மூவரும் முதன்முறையாக உட்கார்ந்து பேசினோம். மாற்று வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலை நான் ரயிலேறி ஈப்போவுக்கு வந்து சனிக்கிழமை முழுவதும் அம்மாவுடன் இருப்பது. எஞ்சிய வாரங்களைத் தம்பிமார் ஏற்பது. அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, குழாய் அடைத்தால் என்ன செய்வது, எந்தப் பக்கம் திருப்பினால் அம்மா முகம் சுளிப்பார், எந்தப் பாட்டுக்குக் கண் மூடுவார். நாற்பது பக்கம் வந்தது. ஒன்பது வருஷம் ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்தது காகிதத்துக்கு வந்ததே ஒரு பாரம் இறங்கியது போலத்தான்.

முதல் சனிக்கிழமை அவள் அஞ்சடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்து சத்தம் கேட்டால் எழுந்து வந்தாள். அடுத்த முறை கல்லுமலைக் கோயிலுக்குப் போய், நான்கு தடவை போன் செய்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். "அம்மா தேடுனாங்களா தம்பி?" என்பதே முதல் கேள்வி. தேடினார்கள் என்றேன், உண்மை அதுதான். அவள் உடனே மறுநாள் முதல் எங்கும் போவதில்லை என்றாள். "தேடட்டும் அக்கா, நீ திரும்பி வர்றியே" என்று சொல்வதைத் தவிர வேறு சமாதானம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் முறை அவள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு, முதலில் கிளினிக்குக்குப் போய்க் கால் புண்ணைக் காட்டிவிட்டு, அப்படியே ஒரு பழைய தோழி வீட்டில் படுத்துத் தூங்கப் போவதாகச் சொல்லிப் போனாள். பத்து மணிக்கு போன் வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டுகையில் அவர் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, முகம் சுருங்கியது, எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட போனைக் கையில் எடுத்தேன். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். 'வலது தோளுக்குக் கீழே சின்னத் தலையணை; அவசரப்படாதே; கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிரு' என்று அக்காவின் எழுத்தில் இருந்தது. தலையணையை வைத்தேன். அம்மாவின் கையில், உளி பிடித்துக் காய்ப்பேறிய இடம் இன்னும் கெட்டியாக இருந்தது. நான்கரை மணிவரை அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.